உத்திரமேரூர்: ஏரி, குடும்பு, குடவோலை

கேள்வி இது: உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைத் தேர்தலை, அதாவது ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஆளெடுத்த முறையைத்தான், சொல்கிறார்கள். அந்த ஊர் எப்படி உருவானது, அதை நடத்திய சபை நிஜமாக என்ன வேலை செய்தது, பிறகு அது எங்கே போயிற்று, இன்று அங்கே இருக்கும் உள்ளாட்சி எது?

நல்ல கேள்வி. மேடைப் பேச்சுகளிலும் பாடப்புத்தகங்களிலும் குடத்தைத் தாண்டி யாரும் போவதில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பிரதமர் இந்த ஊர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். குடவோலை விதிகள் உள்ள அந்தக் கல்வெட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தால் வேறொன்று தெரியும். அதை எழுதியவர்களுக்கு இருந்த பெரிய கவலை ஆளைத் தேர்ந்தெடுப்பது அல்ல. தேர்ந்தெடுத்த ஆளிடமிருந்து கணக்கு வாங்குவது. ஏரியும் பொன்னும் நிலமும் யார் கையில் போகிறதோ அவர் கணக்கு ஒப்படைக்காமல் தப்பிக்கக் கூடாது என்பதற்காகவே மற்ற விதிகள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

முதலில் ஊர். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நந்திவர்ம பல்லவமல்லன் காலத்தில், வேதம் கற்ற பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேயமாக இது அமைந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கல்வெட்டுகள் இதைக் காலியூர்க் கோட்டத்து உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்கின்றன. 'தன்கூற்று' என்ற அடைமொழியும் சேர்ந்து வரும். அதாவது சுற்றியிருந்த நாட்டுப் பிரிவுக்குள் அடங்காமல், தனி நிர்வாக அலகாக நின்ற பெரிய ஊர். அதைச் சுற்றிப் பிடாகைகள் எனப்பட்ட உட்கிடைச் சிற்றூர்களும் இருந்தன.

ஊருக்குள் 12 சேரிகள். அன்றைய வழக்கில் தெரு வட்டாரங்கள். கோவிந்தச் சேரி, வாமனச் சேரி, திரிவிக்கிரமச் சேரி, தாமோதரச் சேரி என்று திருமாலின் பெயர்களில் அவை அமைந்திருந்தன. இவற்றுக்குள் 30 குடும்புகள். குடும்பு என்பதை இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. வார்டில் குடியிருக்கும் எல்லோரும் வாக்காளர். குடும்பில் சபை உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டுமே கணக்கு.

திட்டமிட்டுக் குடியேற்றிய ஊர் நிலைக்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். இங்கே அதற்கு வைரமேக தடாகம். பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரான வைரமேகன் என்பதைத் தாங்கிய ஏரி. தொண்டை மண்டலத்தில் ஆண்டெல்லாம் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் தை அறுவடை. அடுத்த பருவத்துக்கும் அதே நீர்தான். பரந்து கிடக்கும் ஆழமில்லாத ஏரி என்பதால் இங்கே முதல் எதிரி வண்டல். வெள்ளக்காலத்தில் வரத்துக்கால் கொண்டுவரும் மண், நீரின் வேகம் குறையும் இடத்தில், ஏரிக்குள் படிகிறது. அது மதகை அடைத்தால் ஏரியில் நீர் நின்றும் வயலுக்கு இறங்காது. அதற்குப் பயந்து கலிங்கலை (உபரி நீர் வழியும் அமைப்பை) உயர்த்தினால் நீர்ப்பரப்பு விரிந்து மேல்புற நிலம் மூழ்கும், கரைக்கும் அழுத்தம் கூடும். ஆகவே தூர் எடுப்பதும் எடுத்த மண்ணைக் கரையில் கொட்டிப் பலப்படுத்துவதும் ஆண்டுதோறும் நடக்க வேண்டிய வேலை.

அதற்குப் பணம்? யாராவது பொன்னைச் சபையிடம் முதலாகக் கொடுப்பார்கள். சபை அதை ஏற்று, முதலைத் தொடாமல், வட்டியைக் கொண்டு ஏரியில் குழி குத்தி மண் எடுக்க வேண்டும். பல்லவர் காலத்திலிருந்தே உத்திரமேரூரில் இப்படி அறக்கட்டளைகள் உண்டு. இங்கேதான் முடிச்சு. 'சூரிய சந்திரர் உள்ளவரை' நடக்க வேண்டிய வேலைக்குப் பொன்னை வாங்கி வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறார். ஒருவர் கணக்கை மறைத்தால் அடுத்தவர் வருவதற்குள் முதலே கரைந்துவிடும். ஏரி வாரியம் என்று தனிக் குழு ஏன் இருந்தது, அதைப் பிடிப்பதற்குப் போட்டி ஏன் இருந்தது என்பதற்கு இதுவே விடை.

இனி அந்த இரண்டு கல்வெட்டுகள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. 1898இல் கல்வெட்டுத் துறை படியெடுத்தது. இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. முதலாவது அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. இரண்டாவது 14ஆம் ஆட்சியாண்டு, 921. இரண்டு தீர்மானத்தின்போதும் அரசனின் ஆணையோடு ஓர் அதிகாரி வந்து உடனிருந்தார்: முதல்முறை தத்தனூர் மூவேந்தவேளான், இரண்டாம் முறை சோமாசிபெருமான் என்ற பிராமண அதிகாரி. ஆகவே 'அரசன் தலையீடே இல்லாத தன்னாட்சி' என்று சொல்வது தவறு. விதி சபையின் பெயரில் இருக்கிறது. அதற்குத் தூண்டுதலாக அரசாணை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டே ஆண்டில் ஏன் மறுபடியும் எழுதினார்கள்? கல்வெட்டு வெளிப்படையாகக் காரணம் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எங்கே ஓட்டை விழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 919இல் வயது வரம்பு 30க்கு மேல் 60க்குள். 921இல் அது 35க்கு மேல் 70க்குள் ஆகிறது. 919 விதி, வாரியம் செய்து ஒழிந்தவர்களுக்கு (குழுவில் இருந்து விலகியவர்களுக்கு) 'அணைய பந்துக்கள்' வரக்கூடாது என்று மட்டும் சொன்னது. நெருங்கிய உறவு என்றால் எதுவரை? மைத்துனன் நெருக்கமா, சகலை நெருக்கமா? ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. இப்படிப்பட்ட சொல்லை வைத்துக்கொண்டு யாரையும் தடுக்க முடியாது, யாரை வேண்டுமானாலும் தடுக்கவும் முடியும். 921இல் பட்டியலே போட்டுவிட்டார்கள். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், தகப்பனின் உடன்பிறந்தான், பிள்ளை, மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், அவள் மக்கள், மருமகன், தகப்பன் என்று ஒவ்வொரு உறவாக எண்ணி, அத்தனை பேர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்கிறது. தன்னால் நிற்க முடியாதபோது மைத்துனனை நிறுத்துகிற வழக்கம் நேற்று வந்தது அல்ல என்று இந்தப் பட்டியல் காட்டுகிறது. பஞ்சாயத்துத் தேர்தலை அருகிருந்து பார்த்த எவருக்கும் இந்த வரிகள் உறைக்கும்.

மற்றத் தகுதிகள்: வரி செலுத்தும் கால் நிலம் இருக்க வேண்டும். கால் வேலி என்று கொள்வது வழக்கம், வேலிக்கு 6.6 ஏக்கர் என்ற பிற்கால அளவில் ஏறக்குறைய 1.65 ஏக்கர். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதியைக் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் (உரைநூல்களில்) ஒன்றும் கற்று விரித்துரைக்க வல்லவனுக்கு அரைக்கால் நிலம் போதும் என்ற சலுகையும் உண்டு. காரியத்தில் தேர்ச்சியும் ஒழுக்கமும் வேண்டும். நேர்மையான வழியில் வந்த பொருள் வேண்டும். கடந்த 3 ஆண்டுகளில் வாரியம் செய்திருக்கக் கூடாது. பெரும்பாவங்கள் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், பொய் ஆவணம் எழுதியவர், ஊருக்குக் கண்டகராக (இடைஞ்சலாக) இருப்பவர், தண்டனையாகக் கழுதை ஏற்றப்பட்டவர் ஆகியோர் விலக்கப்பட்டனர்.

குடவோலை இட்ட முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் ஒவ்வொரு அசைவிலும் ஒரு மோசடி தடுக்கப்படுகிறது. குடும்பு ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையை மேலே பூட்டி, ஒரு கட்டாகக் கட்டுவார்கள். 30 கட்டுகளும் ஒரு குடத்தில். சிறுவர் முதல் முதியவர் வரை மகாசபை முழுவதும் கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் (அர்ச்சகர்கள்) ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்த நம்பி எழுந்து, குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடித்து, மேலே பார்த்தபடி நிற்பார்; பிடித்திருப்பவர் கண் ஓலைமேல் போகக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று விவரம் அறியாத ஒரு பாலன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அதே பாலன் ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தன் (நடுவர்) கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை மறைத்து மாற்ற வழியில்லை. அவர் வாசித்ததும் அதே ஓலையை நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். வாசித்தவர் பெயரை மாற்றிச் சொல்லவும் வழியில்லை. இப்படி 30 முறை.

இது வாக்கெடுப்பு அல்ல, திருவுளச்சீட்டு. யாருக்கு ஆதரவு அதிகம் என்று எண்ணுவதே கிடையாது. ஆள் சேர்த்தோ அச்சுறுத்தியோ ஒருவர் பதவிக்கு வருவதைத் தடுக்கத் தகுதிப் பட்டியலும் சீட்டும் சேர்ந்து வேலை செய்தன. அதைத் தேர்தல் என்று சுருக்கினால் அதன் நுட்பம் போய்விடும்.

வந்த 30 பேரில், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகிய 12 பேர் சம்வத்ஸர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். மீதியில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். சின்னக் குழுவில் வேலை கற்றவரே பெரிய குழுவுக்குப் போகலாம் என்பது நடைமுறை அறிவு. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாக ஓலை எடுத்து 12 பேரைத் தேர்ந்து, 6 பேர், 6 பேராகப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டு இந்த இரண்டுக்கும், ஏற்கெனவே ஆள் வந்த குடும்புகளை விட்டுவிட்டு மிச்சக் குடும்புகளிலிருந்தே எடுக்க வேண்டும். பஞ்சவாரம் என்பது என்ன என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஒரு வகை வரி சார்ந்த பணி என்பது ஒரு விளக்கம்.

பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். கணக்கனுக்கான விதி இன்னும் கடுமையானது. நேர்மையாகச் சம்பாதிப்பவன்தான் ஊர்க் கணக்கு எழுத வேண்டும். தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் (சபையாரிடம்) தானே ஒப்படைத்து, சுத்தன் என்று தீர்ப்பு வாங்கும்வரை, அவனை மறுபடி அமர்த்தக் கூடாது. ஒருவன் எழுதிய கணக்கை அவனே ஒப்படைக்க வேண்டும். வேறொரு கணக்கனைக் கொண்டு முடித்து மூடிவிடக் கூடாது. இந்தக் கடைசி வரியைத்தான் நான் இந்தக் கல்வெட்டின் உச்சம் என்பேன். கணக்கு வழக்கில் பொறுப்பு நழுவுகிற இடம் எப்போதும் ஆள் மாறும் நேரம்தான். அதை 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அடைத்திருக்கிறார்கள்.

பொன் மாற்று, அதாவது பொன்னின் தரம், பார்க்கும் ஏற்பாடும் இதே கவனத்தோடு இருக்கிறது. பொன் மாற்று அறிந்தவர்களை மாடவீதி, சேனை, சங்கரப்பாடி ஆகிய வட்டாரங்களிலிருந்து குடவோலை மூலம் தேர்ந்தார்கள். உரைகல்லில் உரைத்த பொன் துகளை மெழுகு ஒற்றி எடுக்கும். அந்த மெழுகு உருண்டையை உரைத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒட்டிய துகள்கூட ஊருக்குச் சொந்தம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் யார் இல்லை என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். பெண்கள் இல்லை. நிலத்தில் உழுத குடியானவர்கள், கைவினைஞர்கள், ஊரின் விளிம்பில் வைக்கப்பட்ட உழைப்புச் சாதியினர் யாரும் இந்தக் குடத்துக்குள் வரவில்லை. இது பிராமண நிலவுடைமையாளர்கள் தங்களுக்குள் அதிகாரத்தையும் பொறுப்பையும் பகிர்ந்துகொண்ட முறை. அக்காலத்தில் பிராமணர் அல்லாத ஊர்களுக்கு 'ஊர்' என்ற அவையும் வணிகர்க்கு 'நகரம்' என்ற அவையும் இருந்தன. அவற்றிலும் நிலமும் பொருளும் உள்ளவர் குரலே பேசியது. ஆகவே, மக்களாட்சியின் தாய்வீடு என்று கொண்டாடினால் விதியின் நுட்பத்தைக் கவனிக்காமல் விடுவோம், விலக்கப்பட்டவர்களையும் மறந்துவிடுவோம்.

பின்னால் சபைக்கு என்ன ஆனது? ஒரே நாளில் கலைக்கப்படவில்லை. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தொண்டை மண்டலத்தைப் பிடித்திருந்த காலத்திலும் ஊர் இயங்கியது. அவன் பெயரில் இங்கே கல்வெட்டு உண்டு. பிறகு ராஜேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம், கண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர்கள் மாறின. 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் தமிழகம் முழுவதும் இத்தகைய சபைகள் மெலிந்தன. நிலம் விற்பனையாகிச் சிலர் கையில் குவிந்தது. கோயில்களே பெரும் நிலவுடைமை ஆயின. விஜயநகர காலத்தில் வரி வாங்கும் உரிமை நாயக்கர்களிடம் போனது. வாரியத்துக்கு நிதியும் அதிகாரமும் இல்லாதபோது குடத்தில் ஓலை இட ஆள் ஏது?

ஆனால் சீட்டுப் போடும் பழக்கம் இந்த வட்டாரத்தில் வேறு வடிவில் உயிரோடிருந்தது. செங்கல்பட்டுப் பகுதியில், நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை கொண்ட மிராசு ஊர்களில் பசுங்கரை என்றொரு முறை இருந்தது. நிலம் நிரந்தரமாகப் பிரிக்கப்படாமல், பங்காளிகளுக்குள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கரையீடு (பங்கீடு) செய்து, சீட்டுப்படி மாற்றிக்கொள்ளப்பட்டது. நல்ல வயலும் மேட்டு வயலும் ஒருவரிடமே தங்காமல் இருக்க வழி. 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டு ஜாகீரை (வரி வருவாய் உரிமையோடு கொடுத்த நிலப்பகுதியை) கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தபின், 1767 முதல் 1774 வரை கம்பெனிப் பொறியாளர் பர்னார்டு நடத்திய அளவையில் அந்த ஜாகீர் ஊர்களின் வீடு, நிலம், ஏரி, மானியம் எல்லாம் பதிவாயின. பிறகு உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்து ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பட்டா என்றதும் பசுங்கரையும் போயிற்று. ஏரி அரசுப் பொதுப்பணித் துறையின் சொத்தாயிற்று. ஊருக்கும் ஏரிக்கும் இருந்த நிர்வாக உறவு அறுந்தது இங்கேதான். வாரியம் போனதைவிட இதுதான் பெரிய இழப்பு என்பது என் கருத்து.

நவீன உள்ளாட்சி வேறு வேரிலிருந்து வந்தது. 1884 சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டம், 1920 கிராமப் பஞ்சாயத்துச் சட்டம், 1950, 1958 சட்டங்கள், 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் என்று வரிசை. இவற்றில் எதுவும் குடவோலையின் தொடர்ச்சி அல்ல.

இன்று உத்திரமேரூர் என்ற பெயரில் இரண்டு அமைப்புகள் உள்ளன, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஊர் பேரூராட்சி. அதைச் சுற்றியுள்ள 73 கிராம ஊராட்சிகளுக்கு உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியம். கிராம சபை ஊராட்சிகளில் மட்டும்தான் சட்டப்படி கூடும். கல்வெட்டு இருக்கும் ஊர் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை இல்லை. ஊரில் ஏதாவது மனு கொடுக்க வேண்டுமானால் வார்டு உறுப்பினர் அல்லது செயல் அலுவலரிடம் போகலாம். உறுப்பினர் ஆகக் குறைந்த வயது 21, நிலம் தேவையில்லை, பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு. தேர்தல் செலவுக் கணக்குக் காட்டாதவரை 3 ஆண்டு தகுதி நீக்கம் செய்ய மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பதவிக்காலம் 5 ஆண்டு. ஆனால் 2016 அக்டோபரில் முடிந்த பதவிகளுக்குக் காஞ்சிபுரம் மாவட்ட ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது, பேரூராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்கத் தனி அலுவலர் ஆட்சி.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: வைகுண்டப் பெருமாள் கோயில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. எழுத்து பழந்தமிழ், இடையிடையே கிரந்தம். சமஸ்கிருதச் சொற்கள் வரும் இடமெல்லாம் வடிவம் மாறும். நேரடியாகப் படிக்க முயன்றால் நான்கு வரியில் அலுத்துவிடும். அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'மதிரைகொண்ட கோப்பரகேசரி' என்ற தொடக்கத்தைச் சுவரில் தேடுங்கள். அதையடுத்து வரும் யாண்டு (ஆட்சியாண்டு) எண்ணைப் பாருங்கள்: பன்னிரண்டாவது என்றால் 919, பதினாலாவது என்றால் 921. சாய்ந்த வெளிச்சம் விழும் காலையிலோ மாலையிலோ எழுத்து நன்றாகத் தெரியும். மாவோ சுண்ணாம்போ தடவிப் படிக்காதீர்கள், கல் கெடும்.